பழக்கம் பிடிபடுவது எப்படி? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட எனக்கொரு சின்னக் கடை. போட்டோகொப்பி, தட்டச்சு, பின்னேரத்தில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. அதற்கு முதல் ஆறு வருசம் வன்னிக் கிராமங்களுக்குப் போய், சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதப் பழக்கினேன். கணக்கை எப்படி எழுதுவது என்பது அரை நாளில் எல்லோருக்கும் விளங்கிவிடும். அதை நாள்தோறும் எழுதுவதில்தான் எல்லோரும் இடறினார்கள். நானும் இடறினேன்.

அதே சந்தேகங்கள் இன்றைக்கும் கடை வாங்கில் இருந்தபடி கேட்கப்படுகின்றன. பத்துக் கொப்பி எடுத்து முடிக்கிற நேரத்துக்குள் சொல்லிமுடிக்கிற பதில்கள் இல்லை என்பதால் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன. பெயர்களை விட்டுவிட்டேன்.

அக்கா, பழக்கம் எண்டால் என்ன? ஒவ்வொரு நாளும் செய்யிறது எல்லாம் பழக்கமோ?

இல்லை. யோசிக்க முதல் கை போய்விடுகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். ஏ9 வீதியில் ஓடுகிற சாரதிக்கு முறிகண்டியில் நிற்பாட்டச் சொல்லி யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. பிள்ளையார் கோயில் கண்ணில் பட்டதும் கால் பிரேக்குக்குப் போய்விடும். இறங்கிக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, அல்லது உண்டியலில் சில்லறை போட்டு, ஒரு பை கச்சானோடு திரும்ப ஏறுவார். ஒரு பழக்கத்துக்கு வேண்டிய எல்லாம் அந்த ஐந்து நிமிசத்தில் இருக்கிறது. கண்ணில் படுகிற ஒரு இடம், அங்கே செய்கிற சின்ன வேலை, முடிந்ததும் கையில் கச்சான். கீழே நான் 'முறிகண்டி' என்று சொல்லும் இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் வெண்டி வூட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2002 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆட்களை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதவைத்தார்கள். எழுதப்பட்டதில் ஏறத்தாழ 43 வீதம், அநேகமாக நாள்தோறும் அதே இடத்தில் நடப்பவை. அதையும் பல வேளை வேறெதையோ நினைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார்கள்.

21 நாள் விடாமல் செய்தால் பழகிடும் எண்டு வீடியோவில சொல்லினம். உண்மையோ?

அந்த 21 ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடமிருந்து வந்த எண். மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்பவர் முகத்தைத் திருத்தி அமைக்கிற வைத்தியர். கண்ணாடியில் தெரிகிற புது முகம் தன்னுடையது என்று நோயாளிக்குப் படக் குறைந்தது 21 நாளாவது எடுக்கிறது என்று 1960 இல் எழுதினார். சொல்லிச் சொல்லி 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துபோனது. முகமும் உதிர்ந்துபோனது. 21 மட்டும் மிஞ்சியது.

எண்ணிப் பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்தார்கள். பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பிடித்து, ஆளுக்கொரு புதுப் பழக்கத்தை 12 கிழமை செய்யவைத்து, 2010 இல் அதை வெளியிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. கெதியாகப் பிடித்தவருக்கு 18, மெதுவாக நகர்ந்தவருக்கு 254. ஆய்வே 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது என்று ஒரு ஏ.எல் பிள்ளை என்னை மடக்கினாள். கெட்டிக்காரி. அது அதுவரை வந்த கோட்டை நீட்டிப் போட்டுக் கணித்த எண். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது போன்றவை சுறுக்காகப் பிடிபட்டன, உடற்பயிற்சி இழுபட்டது. ஆகவே ஒரு போகம் செல்லும் என்று நினைத்துத் தொடங்குங்கள்.

புது வருசத்தோட நாலு மணிக்கு எழும்பி, ஓடி, இங்கிலிஷ் படிச்சு, கணக்கும் எழுதப்போறன். எல்லாத்தையும் ஒண்டாத் தொடங்கினால் என்ன?

இதைக் கேட்டவர் தை பிறந்த கிழமை கேட்டார். மாசியில் கடைக்கு வந்தபோது நான் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தொடங்குவதற்கு நல்ல நாள் பார்ப்பதில் பிழை இல்லை. கேற்றி மில்க்மனும் கூட்டாளிகளும் 2014 இல் எழுதிய கட்டுரையில், கிழமை, மாதம், வருசம் தொடங்குகிற நாட்களில் உடற்பயிற்சி நிலையத்துக்கு வருபவர்கள் கூடுகிறார்கள் என்று காட்டினார்கள். எங்களுக்குத் தைப்பொங்கலும் சித்திரை வருசப்பிறப்பும் இருக்கின்றன. ஆனால் நல்ல நாள் உங்களை வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். நாலு பழக்கத்துக்கு நாலு முறிகண்டி வேண்டும். அதையெல்லாம் ஒரே கிழமையில் தேடிப்பிடிக்க ஒருவருக்கும் ஏலாது. ஒன்றை எடுங்கள். அது தானாக ஓடத் தொடங்கிய பிறகு அடுத்தது.

எடுத்த ஒன்றையும் 'இன்ன வேளை, இன்ன இடம், உடனே இன்னது' என்று ஒரே வசனமாக்குங்கள். 'இனி ஒழுங்காகப் படிப்பேன்' என்பது வெறும் ஆசை. 'இரவுச் சாப்பாட்டுக் கோப்பை கழுவிவைத்ததும் விறாந்தை மேசையில் இருந்து ஒரு பக்கம் வாசிப்பேன்' என்பது திட்டம். ஜெர்மன் உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் இதைப் பல வருசம் ஆராய்ந்தவர். 2006 இல் பஸ்கால் ஷீரனோடு சேர்ந்து 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி வசனம் கட்டியவர்கள் வெறும் ஆசையோடு நின்றவர்களைவிட நன்றாகவே முந்தியிருந்தார்கள்.

சின்னனாத் தொடங்கு, சின்னனாத் தொடங்கு எண்டுறியள். எவ்வளவு சின்னன்?

வெட்கப்படுகிற அளவுக்குச் சின்னன். என் கதையைச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதப் பழக்கிய நான், சொந்தக் கடை திறந்து எட்டு மாதம் கணக்கு எழுதவில்லை. இரவு ஏழரைக்குக் களைத்துப்போய்ச் சட்டரை இழுக்கும்போது, வரவு, செலவு, கடன், கையிருப்பு என்று நாலு நிரல் போட்ட பெரிய பேரேட்டைத் திறக்க யாருக்கு மனம் வரும்?

பிறகு பேரேட்டைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிட்டு, ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரே வரி: திகதி, லாச்சியில் இருக்கிற காசு. அவ்வளவுதான். கடைத் திறப்பை அந்தக் கொப்பிக்கு அடியில் வைத்தேன். பேனையைச் சணல் நூலால் திறப்பு வளையத்தோடு கட்டினேன். கொப்பியைத் தூக்காமல் கடையைப் பூட்ட முடியாது, திறப்பைத் தூக்கினால் பேனை கூடவே வரும். அரை நிமிச வேலை. நாள் 40 அளவில், லாச்சியைத் திறக்கும்போதே மற்றக் கை கொப்பியைத் தேடியது. இரண்டாவது நிரலை மூன்றாம் மாதம்தான் சேர்த்தேன்.

நாலு நாள் ஒழுங்காச் செய்து ஐஞ்சாம் நாள் விட்டுப்போச்சு. திரும்ப முதலில இருந்தோ?

இல்லை. மேலே சொன்ன லண்டன் ஆய்வில் இதையும் பார்த்தார்கள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாகும் போக்கில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்களைக் கவிழ்ப்பது அந்த ஒரு நாளுக்குப் பிறகு வருகிற கதைதான்: 'சரி, விட்டாச்சு, இனி அடுத்த முதலாம் திகதி பாப்பம்.'

என் கொப்பியில் தவறிய நாளுக்குத் திகதியைப் போட்டு ஒரு கோடு இழுப்பேன். நேற்றைய காசை இன்று ஊகித்து எழுதுவதில்லை. அது பொய்க்கணக்கு, ஒருமுறை எழுதினால் பிறகு கொப்பியிலேயே நம்பிக்கை போய்விடும். கோடு மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மட்டும் ஏன் என்று பார்க்கிறேன். எனக்கு மனம் தளர்ந்து கோடு விழுந்த நாட்கள் குறைவு. திறப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கும், அல்லது தம்பி கடையைப் பூட்டியிருப்பான்.

பிள்ளை, நான் கமக்காரன். விதைப்பு வந்தால் உந்தக் கொப்பி கிப்பி ஒண்டும் சரிவராது. எனக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு வீடியோக்களில் பதில் கிடைக்காது, ஐயா. அவற்றைச் செய்பவர்களுக்கு எல்லா மாதமும் ஒரே மாதம். உங்களுக்கு அப்படியா? புரட்டாதி கடைசியிலும் ஐப்பசியிலும் காலபோக விதைப்பு. கார்த்திகை, மார்கழி மழை. தை, மாசியில் வெட்டு. பிறகு இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக் கூட்டம் வைத்து, சிறுபோகத்துக்கு ஆளுக்கு எவ்வளவு காணி என்று முடிவெடுப்பார்கள். இடையில் யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல். இந்த வாழ்க்கைக்கு 'நாள்தோறும் விடிய ஐந்தரை' என்று எழுதினால், எழுதின தாளுக்குத்தான் நட்டம்.

இரண்டு வேலை செய்யலாம். முதலாவது, மணிக்கூட்டை விட்டுவிட்டு, எந்தப் போகத்திலும் நிற்காமல் நடக்கிற ஒன்றில் பழக்கத்தைக் கொழுவுங்கள். வயலால் வந்து கிணற்றடியில் கால் கழுவுவது எல்லாப் போகத்திலும் நடக்கும். பின்னேரம் மூன்று மணியோ, இரவு எட்டு மணியோ, கால் கழுவியே ஆகவேண்டும். கிணற்றடிக் கப்பில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டி, அதற்குள் சின்னக் கொப்பியும் பென்சிலும் வையுங்கள். பேனை மழைக்காலத்தில் எழுதாது. அன்றைக்கு வயலுக்குப் போன காசை, உரம், எண்ணெய், உழவு மெசின், ஆள் கூலி, எதுவோ அதை, கால் ஈரம் காய முதல் எழுதுங்கள்.

இரண்டாவது, வேலை குவிகிற காலத்துக்கென்று ஒரு 'மழைக்கால அளவு' வைத்திருங்கள். கோடையில் ஒரு பக்கம் எழுதுபவர் விதைப்பு நாளில் ஒரு எண் எழுதினால் காணும். நோக்கம் கணக்கு முழுமையாவதில் இல்லை. மாசியில் திரும்பவும் தொடங்கவேண்டிய தேவை வராமல் பார்ப்பதுதான். இப்படிச் செய்த வட்டக்கச்சிப் பக்கத்து ஐயா ஒருவர் வெட்டு முடிந்ததும் கொப்பியோடு கடைக்கு வந்தார். கூட்டிப் பார்த்தோம். நெல் வித்த காசில் உரக்காசு எவ்வளவு என்று அவர் வாயால் சொல்லிவந்த கணக்குக்கும் கொப்பிக் கணக்குக்கும் இடையில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம்.

எனக்கு மனவுறுதி காணாது அக்கா. சின்னனில இருந்தே அப்பிடித்தான். என்ன செய்யிறது?

உங்களுக்கு மனவுறுதி குறைவு என்று யார் அளந்து சொன்னது? நான் கண்ட அளவில், ஒழுங்காகச் செய்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதில்லை. அவர்களுடைய வீட்டில் செருப்பும் கொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

வெண்டி வூட்டும் கூட்டாளிகளும் 2005 இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போன மாணவர்களின் உடற்பயிற்சி, பத்திரிகை வாசிப்பு, தொலைக்காட்சிப் பழக்கங்களைப் பார்த்தார்கள். புது இடத்திலும் சூழல் பழையபடி இருந்தவர்களுக்குப் பழக்கம் நிலைத்தது. சூழல் மாறியவர்களுக்கு அந்தப் பிடி விட்டுப்போனது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. பல்கலைக்கழகம் மாறியவர்களுக்கே அப்படி என்றால், 2008, 2009 இல் போரால் மாறி மாறி இடம்பெயர்ந்து, கடைசியில் மெனிக்பாம் முகாமில் கூடாரத்தில் போய் இருந்தவர்களை என்னவென்பது? கிணறு இல்லை, வேலி இல்லை, குசினி இல்லை. காலையில் எழும்பினால் கையும் காலும் எங்கே போவதென்று தெரியாது. அந்தக் காலத்தில் தன் ஒழுங்கெல்லாம் போய்விட்டது, தான் சோம்பேறியாகிவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். பழக்கம் கொழுவியிருந்த வீடே போய்விட்டது. அதில் அவர்கள் செய்த குற்றம் என்ன இருக்கிறது?

என் அம்மா மட்டும் ஒன்றை விடவில்லை. எங்கிருந்தோ ஈர்க்குத் தேடி ஒரு விளக்குமாறு கட்டி, விடிய எழும்பியதும் கூடாரத்து முன்மண்ணைக் கூட்டுவா. மூன்று அடி மண். கூட்டி முடித்துத்தான் அடுத்த வேலை. தூக்கிக்கொண்டு போகக்கூடிய கொழுக்கியில் மாட்டிய பழக்கம் இடம் மாறினாலும் தங்கும் என்று அதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது, பல வருசம் கழித்து.

கொழும்பில வேலை கிடைச்சிருக்கு. இஞ்ச பழகினது எல்லாம் அங்க போகாதோ?

மேலே சொன்னபடி, பாதி போகும். கையோடு கொண்டுபோகக்கூடியவற்றைப் பாருங்கள். காலைத் தேத்தண்ணியோடு சேர்ந்த பழக்கம் கொழும்புக்கும் வரும், தேத்தண்ணி அங்கேயும் உண்டு. கிணற்றடிப் பழக்கம் வராது.

இன்னொன்று. இடம் மாறுவது விடவேண்டிய பழக்கத்தை விடுவதற்கும் நல்ல வாய்ப்பு. பழைய அறையில் போய்ச் சேர்ந்ததும் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்தவர், புது அறையில் முதல் இரவே போனை அலுமாரிக்குள் வைக்கலாம். முதல் இரண்டு கிழமைக்குள் செய்யுங்கள், பிந்தினால் அந்த அறைக்கும் பழையது பழகிவிடும்.

அவருக்குப் பின்னேரம் ஆனால் குடிக்கவேணும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு மாமி சொல்லுறா. மாறாதோ?

இதில் இரண்டு விதம் இருக்கிறது, பிரித்துப் பார்க்கவேண்டும். வேலை முடிந்து சந்தியில் அதே கூட்டத்தோடு நிற்பதால் மட்டும் குடிப்பவர் என்றால், அவருடைய முறிகண்டி அந்தச் சந்திதான். வரும் வழியை மாற்றி, அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுத்தால் நிறையக் குறையும். இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்தார். ஊர் திரும்பிய முதல் வருசத்தில் திரும்பவும் அடிமையானவர்கள் அவர்களில் 5 வீதமளவில்தான்.

ஆனால் விடியவே குடிக்கிறவர், ஒரு நாள் நிறுத்தினால் கை நடுங்கி வேர்த்துக் கொட்டுகிறவர் என்றால், அது வருத்தம். கொப்பி, திறப்பு என்று நான் சொல்லும் ஒன்றும் அதற்கு உதவாது. அப்படிப்பட்டவர் வீட்டில் திடீரென்று நிற்பாட்டுவது உயிருக்கே ஆபத்து, வலிப்பு வரலாம். வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மாமியிடம் பழமொழியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மகள் ஏ.எல். எந்த நேரமும் போன். பறிச்சால் சண்டை, குடுத்தால் படிப்பில்லை. தனி அறையும் இல்லை எங்களிட்ட.

தனி அறை தேவையில்லை, தனி மூலை காணும். விறாந்தையில் ஒரு கதிரை, அதில் படிப்பு மட்டும். சாப்பிடுவது, கதைப்பது, போன் பார்ப்பது வேறு இடத்தில். கதிரையில் இருந்தாலே கை புத்தகத்துக்குப் போகிற நிலை வரச் சில மாதம் எடுக்கும் (21 நாள் கதையை மறந்துவிடுங்கள்).

போனைப் பறிக்காதீர்கள், இடம் கொடுங்கள். படிக்கும் நேரம் வீட்டில் உள்ள எல்லோருடைய போனும் குசினி அலுமாரியில். எல்லோருடையதும் என்றால் உங்களுடையதும்தான் அம்மா, நாடகம் ஓடுகிற போன் உட்பட. நேரத்துக்கு ஒரு மணிக்கூடு வைத்து 25 நிமிசம் படிப்பு, 5 நிமிசம் எழும்பி நடப்பு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், மாணவனாக இருந்தபோது, தக்காளி வடிவக் குசினி மணிக்கூட்டை வைத்துக் கண்டுபிடித்த முறை. எங்களுக்குத் தக்காளி வடிவம் தேவையில்லை, டிக் டிக் சத்தம் காணும். போனில் நேரம் வைக்கவேண்டாம். வைத்தால் அலுமாரியால் போன் வெளியே வந்துவிடும்.

அலுவலகத்தில ஒரு கோப்பைத் தூக்கினால் பத்துப் பேர் வருவினம். அதுக்குள்ள என்ன ஒழுங்கு?

வருகிற சனத்தை மறிக்க ஏலாது, மறிக்கவும் கூடாது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரைப் 'பிறகு வாங்கோ' என்பது பாவம். மறிக்கக்கூடியது வேறு: கோப்புக்குத் திரும்பி வரும்போது 'எங்கே விட்டேன்' என்று தேடுகிற நேரம். தலையைத் தூக்கி ஆளைப் பார்க்க முதல், ஒரு துண்டில் மூன்று சொல் எழுதிக் கோப்பில் செருகுங்கள். 'பக்கம் 4, திகதி பிழை.' ஆள் வாசலில் தெரிவதுதான் உங்கள் முறிகண்டி. வாட்ஸ்அப் குழுக்களை மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் என்று வைத்துக்கொள்ளலாம். அவசரமானவர் கட்டாயம் எடுத்துக் கதைப்பார்.

ஆடைத் தொழிற்சாலையில வேலை. விடிய அஞ்சு மணிக்கு பஸ், போய்வர ரெண்டரை மணித்தியாலம். எனக்கு எங்க நேரம்?

நித்திரை கொள்ளுங்கள் தங்கச்சி. உண்மையாகத்தான் சொல்கிறேன், காலை பஸ்ஸில் நித்திரை கொள்வதை யாரும் குறை சொல்லமுடியாது.

திரும்பி வரும் பயணத்தில் மட்டும், மனம் இருந்தால், காதில் மாட்டி ஏதாவது கேட்கலாம். விருப்பமான தொடர்கதையைப் பஸ்ஸில் மட்டும் கேட்பது என்று வைத்தால் பஸ்ஸும் இனிக்கும். இந்தத் தந்திரத்தையும் மில்க்மன் குழு 2014 இல் பரிசோதித்தது. சுவையான ஒலிக்கதைகளை உடற்பயிற்சி நிலையத்தில் மட்டும் கேட்கவிட்டபோது, தொடக்கத்தில் அவர்கள் மற்றவர்களைவிட 51 வீதம் கூடுதலாக வந்தார்கள். நவம்பர் விடுமுறை வந்து நிலையம் பூட்டியபிறகு அந்த வேகம் விழுந்துவிட்டது. விதைப்புக்குப் போன கமக்காரரின் கதைதான் அங்கேயும்.

தனியச் செய்ய ஏலாது. நாலு பேர் சேர்ந்து செய்தால்?

நல்லது, அதற்கு எங்களிடம் சீட்டு இருக்கிறது. தன் வீட்டு உண்டியலில் மாதம் ஆயிரம் போட ஏலாத அக்கா, சீட்டுக் காசை ஒரு மாதமும் பிந்தமாட்டா. ஏன்? நாள் குறித்திருக்கிறது, சீட்டை நடத்துகிற தாய்ச்சி வீட்டு வாசலுக்குப் போகவேண்டும், அங்கே மற்றவர்கள் இருப்பார்கள். வாசிப்புக்கோ கணக்குக்கோ அதே அமைப்பை எடுக்கலாம். சங்கக் கூட்டத்தில் பத்து நிமிசம் ஒதுக்கி, ஒருவருக்கொருவர் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். எண்களை வாசிக்கவேண்டாம், பக்கம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தால் காணும்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கிழமைக்கடன் எடுத்தவர்களும் கிழமைக்குக் கிழமை தவறாமல் கட்டினார்கள், மூக்குத்தியை அடகு வைத்தும் கட்டினார்கள். அதைப் பார்த்து 'என்ன ஒழுங்கு' என்று மெச்சியவர்களை எனக்குத் தெரியும். வாசலில் ஆள் வந்து நிற்கிறான் என்ற பயத்தில் நடப்பதை நான் பழக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதுக்கு ஒரு ஆப் போட்டால் லேசில்லையோ?

போடலாம். நான் கொப்பிக்காரி. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது போன் செத்துக் கிடந்தது, சீ.ஆர். கொப்பி மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதியது. இன்னொரு கரைச்சல்: ஆப்பைத் திறக்கப் போன கை, வழியில் மூன்று வீடியோ பார்த்துவிட்டு வரும்.

பழக்கம் வந்திட்டுது, ஆனால் ஒரு பிரயோசனமும் தெரியேல்ல. பிழை எங்க?

என்னுடைய பிழையே அதுதான். நாலு மாதம் ஒரு வரி தவறாமல் எழுதினேன், ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. யோசிக்காமல் கை போவதுதான் பழக்கம் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அதிலேயே ஒரு பொறி இருக்கிறது. கை எழுதுகிறது, தலை எங்கேயோ நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்து புரட்டியபோதுதான் தெரிந்தது, வியாழக்கிழமைகளில் லாச்சிக் காசு எப்போதும் குறைவு. களவு போகிறதோ என்று ஒரு கணம் தம்பியைக்கூடச் சந்தேகித்தேன், அவன் மன்னிக்கவேண்டும். தேடிப் பார்த்தால், வியாழன்களில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாகப் பாடக்குறிப்பு போட்டோகொப்பி எடுத்து, 'பிறகு தாறம்' என்று போயிருக்கிறார்கள். நானும் 'சரி சரி' என்றிருக்கிறேன்.

இப்போது ஞாயிறு பின்னேரத் தேத்தண்ணியோடு ஏழு வரியையும் வாசிக்கிறேன். எழுதுவதை யோசிக்காமல் செய்யலாம். வாசிக்கும்போது யோசித்தே ஆகவேண்டும், அதைப் பழக்கமாக்க நான் முயலவும் இல்லை.

இவ்வளவு சொல்லுறியள். உங்களுக்கு ஏலாமப் போனது ஒண்டும் இல்லையோ?

காலை நடை. நாலு தரம் தொடங்கினேன். வசனம் கட்டினேன், செருப்பை வாசலில் வைத்தேன், சின்னதாக வாய்க்கால் கட்டுவரை என்றுதான் வைத்தேன். வாய்க்கால் கட்டில் மூன்று நாய்கள். தடி கொண்டுபோனேன், பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா சிறுபோக விதைப்போடு நின்றுவிட்டா, நாய்கள் நிற்கவில்லை. வேறு பாதை இருக்கிறது, அது ஏ9 ஓரம். விடிய லொறிகள் பறக்கிற வேகத்துக்கு நாய்கள் பரவாயில்லை.

நடைச் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு விடிய முற்றம் கூட்டுகிறா.